காற்றை இறக்குங்கள், காரை விடாதீர்கள்

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் இருக்கும் பாலைவனப் பாதைகளில் கார் ஓட்டிப் போகப்போகிறேன் என்று யாராவது சொன்னால், கேட்பவர் முதலில் பாம்பைப் பற்றித்தான் விசாரிப்பார். அடுத்து தண்ணீர். அதற்கடுத்து போனில் சிக்னல் கிடைக்குமா என்பது. பாம்பு விஷயத்தை இப்போதே முடித்துவிடலாம்: வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கும் அதற்கும் எந்த வழக்கும் இல்லை. தண்ணீருக்குக் கடைசியில் வருகிறேன். இரண்டுக்கும் நடுவில் யாரும் கேட்காத மூன்று சங்கதிகள் இருக்கின்றன. வேகம், டயரில் இருக்கும் காற்று, மழை. அந்தப் பக்கம் வண்டியோட்டிப் பழகியவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான்.

ஒரு பாதையை எடுத்துக்கொண்டு பேசுவோம். தெற்கு ஆஸ்திரேலியாவின் மர்ரீ என்ற சிற்றூரிலிருந்து குயின்ஸ்லாந்து எல்லைக்குள் இருக்கும் பேர்ட்ஸ்வில் வரை போகிறது பேர்ட்ஸ்வில் டிராக். நீளம் 517 கிலோமீட்டர். 1880-களில் வடக்கே மேய்ந்த மாடுகளை மர்ரீ ரயில் நிலையத்துக்கு ஓட்டிவருவதற்காக உண்டான வழி இது. மர்ரீயை விட்டுக் கிளம்பினால் 200 கிலோமீட்டர் தாண்டி மங்கெரானியில் ஒரு விடுதியும் பெட்ரோல் பம்பும் உண்டு. அதற்குப் பிறகு பேர்ட்ஸ்வில் வரை 300 கிலோமீட்டருக்கு மேல் ஒன்றும் கிடையாது. போய்ச் சேரும் பேர்ட்ஸ்வில்லிலும் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் நூறு பேர் சொச்சம்தான்.

இதைக் கேட்டுவிட்டு முழங்கால் ஆழ மணலைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பேர்ட்ஸ்வில் டிராக் இன்று அகலமான மண் சாலை. அவ்வப்போது கிரேடர் விட்டுச் சமன் செய்கிறார்கள். காய்ந்திருக்கும்போது நிதானமாகப் போனால் பெரிய சிரமம் எதுவும் தராது. ஆபத்தும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பாதை நேராக, அகலமாக, ஆளே இல்லாமல் கிடப்பதைப் பார்த்ததும் கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தும். தார்ச் சாலையில் நூறில் போகும் வண்டிக்கும் சரளைமண்ணில் நூறில் போகும் வண்டிக்கும் வித்தியாசம் ஸ்டியரிங்கில் தெரியாது. பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும். சரளைக் கற்கள் டயருக்கடியில் உருளும், வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒடித்தால் பின்பக்கம் வழுக்கும். அதைத் திருத்த எதிர்ப்பக்கம் ஒடித்தால் உருண்டுவிடும். எதிரே இன்னொரு வண்டிகூட வராமல், தனியாகவே கவிழும் விபத்து இப்படித்தான் நடக்கிறது.

அடுத்தது சாலையின் நெளிவு. பாதைக்குக் குறுக்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னச் சின்ன மேடுபள்ளங்கள், ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்ததுபோல, கிலோமீட்டர் கணக்கில் ஓடும். கிரேடர் வந்து சமன் செய்துவிட்டுப் போனாலும் வண்டிகள் ஓட ஓடத் திரும்ப வந்துவிடும். இது ஏன் உண்டாகிறது என்பது பௌதிகக்காரர்களையே பல காலம் யோசிக்க வைத்த கேள்வி. ஓடும் சக்கரம் ஒரு சின்ன மேட்டில் ஏறி எம்புகிறது. விழும்போது மண்ணைக் குத்தி முன்னே தள்ளுகிறது. குத்திய இடம் பள்ளமாகிறது, தள்ளிய மண் அடுத்த மேடாகிறது. பின்னால் வரும் வண்டி அதே மேட்டில் எம்பி அதை இன்னும் வளர்க்கிறது. வண்டியின் ஸ்பிரிங்தான் காரணம் என்று நினைத்தவர்கள் உண்டு. 2007-ல் கனடா, பிரான்ஸ், பிரிட்டன் ஆய்வாளர்கள் சேர்ந்து வட்டமான மணல் தளத்தைச் சுழலவிட்டு, அதன்மேல் ஒரு சக்கரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங்கே இல்லாமலும் நெளிவு வந்தது. பிறகு சக்கரத்தை எடுத்துவிட்டுச் சாய்வான பலகையை வைத்து இழுத்தபோதும் வந்தது. வேகம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தபோது மட்டும்தான் மணல் தட்டையாகவே இருந்தது. அந்த அளவோ எந்த டிரைவரும் பொறுத்துக்கொள்ள முடியாத ஆமைவேகம். ஆக, மண் சாலை இருக்கும்வரை நெளிவும் இருக்கும்.

எண்பதைத் தொட்டுவிட்டால் மேட்டு முனைகளை மட்டும் தொட்டுக்கொண்டு மிதந்து போய்விடலாம், உதறல் போய்விடும் என்று சொல்லித்தரும் பழைய ஆட்கள் உண்டு. உதறல் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அது குறைவதற்குக் காரணம், சக்கரம் பாதி நேரம் தரையில் படாமல் இருப்பது. தரையில் படாத சக்கரம் திரும்பவும் செய்யாது, நிற்கவும் செய்யாது. என்னைக் கேட்டால், அந்த யோசனையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, டயர் காற்றில் கொஞ்சம் இறக்கிவிட்டு, உதறலோடே போவதுதான் உத்தமம். ஷாக் அப்சார்பர் சூடேறி எண்ணெய் கக்காமல் இருக்கவும் அதுதான் வழி. அவ்வப்போது நிறுத்தி நட்டு, போல்ட்டு, கூரை கேரியர், பேட்டரியின் பிடிமானம் எல்லாவற்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். நெளிவுப் பாதை எதையும் உடைப்பதற்கு முன் கழற்றிப் பார்க்கும்.

காற்று இறக்குவது என்றதும் நம் ஆட்களுக்கு ஒரு தயக்கம் வருகிறது. டயரில் காற்று குறைந்தால் ஆபத்து என்றுதானே பஞ்சர் கடைக்காரர் சொல்லி வளர்ந்திருக்கிறோம்? தார்ச் சாலையில் அவர் சொன்னது சரி. அங்கே 35 பவுண்டுக்கு மேல் இருக்கும் காற்றை, சரளையில் 28 வாக்கில் இறக்குகிறார்கள். ஆழமான மணலில் 18, 16 வரைக்கும்கூடப் போகிறார்கள். காற்று குறையும்போது டயர் தரையில் படியும் பரப்பு, அகலத்தைவிட நீளவாக்கில் அதிகமாகிறது. வண்டியின் பாரம் பரவிவிடுவதால் டயர் மணலைத் தோண்டாமல் அதன்மேல் ஏறிப் போகிறது. கூர்மையான கல் குத்தினாலும், விறைத்து நிற்கும் டயரைவிடக் கொஞ்சம் தளர்ந்த டயர் வளைந்து கொடுத்துத் தப்பும். இதற்குக் கொடுக்கும் விலை வேகம். தளர்ந்த டயர் வேகமாகச் சுழன்றால் அதன் பக்கவாட்டுச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். அதனால் காற்றை இறக்கியவர் வேகத்தையும் இறக்கியே ஆகவேண்டும். தார் வந்ததும் திரும்ப அடிக்க ஒரு கம்ப்ரசர் கையில் இருக்கவேண்டும். பேர்ட்ஸ்வில் டிராக் ஸ்டர்ட் கற்பாலைவனத்தின் ஓரமாகப் போகிறது. காற்று அரித்துத் தீட்டிய சிவப்புக் கற்கள் தரை முழுக்கப் பரவிக் கிடக்கும் பூமி அது. அங்கே ஒரு ஸ்டெப்னி போதாது, இரண்டு வேண்டும்.

புல்டஸ்ட் என்று ஒரு தூசி உண்டு. கோதுமை மாவைவிட மென்மையானது. பாதையில் இருக்கும் குழியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு, சமதரைபோல நடித்துக்கொண்டிருக்கும். பாதையின் நிறம் ஓரிடத்தில் வெளிறி, வழவழப்பாகத் தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள். அடியில் கிடப்பது ஒரு சாண் குழியா, முழங்கால் குழியா என்று வண்டி இறங்கும்வரை தெரியாது. தூசி உள்ளே வராமலிருக்க ஜன்னலை மூடி, ஃபேனை வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் வையுங்கள். உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூடினால் கதவு இடுக்கு வழியாகத் தூசி நுழையாது. ஏசியின் உள்சுழற்சிப் பொத்தானைப் போட்டுவிட்டால் நேர்மாறாக நடக்கும். இந்தச் சின்ன விஷயம் பலருக்குப் பயணத்தின் கடைசி நாளில்தான் பிடிபடுகிறது.

தூசியோடு ரோடு டிரெயினையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரு லாரி, அதன் பின்னால் மூன்று டிரெய்லர்கள், மொத்த நீளம் 53.5 மீட்டர் வரை. எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கி வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அது கடந்தபின் சிறிது நேரத்துக்கு முன்னால் எதுவுமே தெரியாது. அந்தப் புழுதிக்குள் இன்னொரு வண்டி வந்துகொண்டிருக்கலாம். முன்னே போய்க்கொண்டிருந்தால் முந்த நினைக்காதீர்கள். யுஹெச்எஃப் ரேடியோவில் 40-ஆம் சேனலில் கூப்பிட்டால், முன்னால் பாதை காலியாக இருக்கும்போது டிரைவரே சொல்வார். பதில் வரவில்லையா, வண்டியை நிறுத்தி ஒரு டீ போட்டுக் குடியுங்கள்.

மாடு, கங்காரு, ஈமு, காட்டு ஒட்டகம் எல்லாம் சாலைக்கு வரும். பெரும்பாலும் வேலி கிடையாது. விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும் மோசம், இரவு அதைவிட மோசம். ஆகவே இருட்டினால் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கங்காரு குறுக்கே பாய்ந்தால் நேராகவே பிரேக் பிடிக்கவேண்டும். அதைக் காப்பாற்ற ஸ்டியரிங்கை ஒடித்தவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள முடியாமல் போயிருக்கிறார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கிறது, வேறு வழியில்லை. செத்த கங்காருவைத் தின்றுகொண்டிருக்கும் ஆப்புவால் கழுகையும் கவனியுங்கள். இரண்டு மீட்டருக்கு மேல் சிறகு விரிக்கும் அந்தப் பறவை, வயிறு நிறைந்திருந்தால் மெதுவாகத்தான் எழும்பும். எழும்பும்போது உங்கள் கண்ணாடி உயரத்தில் இருக்கும்.

இனி மழை. பாலைவனத்தில் என்ன மழை என்று கேட்கத் தோன்றும். பெய்வது அபூர்வம், அதனாலேயே பெய்தால் ஆபத்து. அங்கேயுள்ள களிமண்ணில் கொஞ்சம் தூறல் விழுந்தாலே போதும். களிமண் டயரில் அப்பி, அதன் பள்ளங்களை நிரப்பிவிடும்; டயர் வழவழவென்று ஆகிவிடும். ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்கும், அவ்வளவுதான். இதைவிட விசித்திரம், தலைக்கு மேல் ஒரு துளி விழாமலே பாதையில் வெள்ளம் வருவது. நடு குயின்ஸ்லாந்தில் பெய்யும் மழை தாம்சன், பார்கூ என்ற இரண்டு ஆறுகளில் இறங்கி, அவை கூடிக் கூப்பர் கிரீக் ஆகி, தட்டையான நிலத்தில் நூற்றுக்கணக்கான கால்வாய்களாகப் பிரிந்து ஊர்ந்து, வாரக்கணக்கில் பயணம் செய்து, பளீர் வெயிலில் காய்ந்து கிடக்கும் பேர்ட்ஸ்வில் டிராக்கைக் குறுக்கே வெட்டும். அப்படிப்பட்ட சமயங்களில் அங்கே வண்டிகளை ஏற்றிக் கடத்த ஒரு சின்ன பெர்ரி ஓடும். பாலைவனத்தில் கார் படகில் போவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் அதற்கென்றே கிளம்பி வருகிறார்கள்.

பாதை தொடங்கும் ஊரில் திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது என்று காட்டும் பெரிய பலகை இருக்கும். மூடியிருந்தால் மூடியிருக்கிறது. காய்ந்துதானே கிடக்கிறது, எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனால் அபராதம் உண்டு. போனவன் சக்கரம் பதித்த தடம் காய்ந்து இறுகி, அடுத்த கிரேடர் வரும்வரை மற்றவர்கள் அதில் அடிபடவேண்டும். அங்குள்ளவர்கள் கோபப்படுவது அபராதத்துக்காக அல்ல, இந்தத் தடத்துக்காகத்தான்.

பேர்ட்ஸ்வில்லோடு பாதை முடிகிறது. மேற்கே 35 கிலோமீட்டர் போனால் பிக் ரெட் என்ற மணல்மேடு, ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். அது சிம்ப்சன் பாலைவனத்தின் வாசல். அங்கிருந்து 1,100-க்கும் அதிகமான மணல்மேடுகள் வடக்கு-தெற்காக, ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கின்றன. குறுக்கே போகும் பாதைகளை வெட்டியவை 1960-களில் எண்ணெய் தேடிய நிறுவனங்கள். அவற்றில் ஒன்று பிரெஞ்சு நிறுவனம் என்பதால் பிரெஞ்சு லைன் என்ற பெயர் இன்றும் நிற்கிறது. எண்ணெய் கிடைக்கவில்லை. பாதை மட்டும் மிஞ்சியது, இப்போது சுற்றுலாக்காரர்கள் ஓட்டுகிறார்கள். இதுவரை சொன்னதெல்லாம் சாலையைப் பற்றி. இங்கே சாலையே கிடையாது. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை தெற்கு ஆஸ்திரேலியா தன் பக்கத்துப் பாலைவனப் பூங்காவை முழுவதுமாக மூடிவிடுகிறது. பேர்ட்ஸ்வில்லில் ஜனவரி மாதத்தின் சராசரி உச்ச வெயில் 39 டிகிரி என்பதைத் தெரிந்துகொண்டால் ஏன் என்று கேட்கமாட்டீர்கள்.

இந்த மேடுகளின் மேற்குச் சரிவு சாய்வானது, கிழக்குச் சரிவு செங்குத்தானது. அதனால் முதல் தடவை போகிறவர்கள் மேற்கிலிருந்து கிழக்காகப் போவது சுலபம்; பிக் ரெட் கடைசியாக வரும். மேட்டின் உச்சியில் எதிரே யார் வருகிறார்கள் என்பது தெரியாது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஏறினால் மேலே மூக்கும் மூக்கும் மோதிக்கொள்ளும். அதற்காகத்தான் வண்டியின் முன்பக்கத்தில் நீளமான கம்பியில் கொடி கட்டவேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். ரேடியோவில் 10-ஆம் சேனலில் நாம் எங்கே இருக்கிறோம், எந்தத் திசையில் போகிறோம் என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே போகவேண்டும். ஏறும்போது உச்சி வரவில்லை என்றால் ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுழலவிடாதீர்கள். அது குழி தோண்டும், வேறொன்றும் செய்யாது. ரிவர்ஸ் கியர் போட்டு வந்த தடத்திலேயே நேராக இறங்குங்கள். மேட்டின் சரிவில் வண்டியைக் குறுக்காகத் திருப்ப முயன்றால் பக்கவாட்டில் உருண்டுவிடும். கீழே வந்து இன்னும் இரண்டு பவுண்டு காற்றை இறக்கிவிட்டு மறுபடி ஏறுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

அப்படியும் சிக்கினால், மண்வெட்டியும், டயருக்கடியில் வைக்கும் பற்கள் கொண்ட பிளாஸ்டிக் பலகைகளும் எடுத்து வேலையைப் பாருங்கள். இன்னொரு வண்டியால் இழுப்பது கடைசி வழி. இழுக்கும் பட்டையை டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் மட்டும் மாட்டவே கூடாது. அந்த உருண்டை இழுவிசையில் முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும், ஆட்களைக் கொன்றிருக்கிறது. சக்கரம் பதிந்ததில் யாரும் சாவதில்லை, அதைத் தூக்கும் அவசரத்தில் செத்திருக்கிறார்கள். ஸ்பினிஃபெக்ஸ் புல் வளர்ந்த இடங்களில் அடிக்கடி இறங்கி வண்டிக்கடியில் குனிந்து பார்ப்பதும் அவசியம். காய்ந்த அந்தப் புல்லும் விதையும் சைலன்சர் குழாயைச் சுற்றிச் சேர்ந்து தீப்பிடித்து, முழு வண்டியும் எரிந்துபோனது உண்டு. டீசல் கணக்கும் மாறும்: தார்ச் சாலையில் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் வண்டி, மணலில் அதைப்போல் இரண்டு மடங்கு குடிக்கலாம். பாலைவனத்தின் மேற்கு ஓரத்திலுள்ள மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை நடுவில் பம்ப் கிடையாது.

இப்போது தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று எடுத்துக்கொண்டு, திட்டமிட்ட நாட்களுக்கு மேல் சில நாட்களுக்கும் சேர்த்து, ஒரே தொட்டியாக இல்லாமல் பல கேன்களாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாலைவனத்தில் செத்தவர்கள் எல்லோரும் தண்ணீர் கொண்டுபோகாதவர்கள் இல்லை. 1998 டிசம்பரில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஓர் இளம் ஜோடியின் வண்டி, கட்டி தண்டா என்கிற ஏர் ஏரியின் கரையில் மணலில் புதைந்தது. அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் வில்லியம் கிரீக். உதவி வரவில்லை என்று இருவரும் அந்த ஊரை நோக்கி நடந்தார்கள். அவன் முடியாமல் திரும்பி வண்டிக்கு வந்துவிட்டான், பிழைத்தான். அவள் தொடர்ந்து நடந்தாள், வழியில் இறந்துபோனாள். 1963 டிசம்பரில் மர்ரீயிலிருந்து பழைய கார் ஒன்றில் பேர்ட்ஸ்வில் டிராக்கில் கிளம்பிய தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் வழி தவறினார்கள், பெட்ரோல் தீர்ந்தது. காரை விட்டு நடந்தார்கள். ஐந்து பேரும் இறந்தார்கள்.

நிற்கும் கார் நிழல் தரும். வானத்திலிருந்து பார்த்தால் தெரியும். கண்ணாடியில் பட்ட வெயில் பல மைல் தூரத்துக்கு மினுங்கும். நடக்கும் மனிதன் அந்தப் பரப்பில் ஒரு புள்ளி. வெயிலில் நடப்பவன் உடம்பிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகும். கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய தண்ணீர் அதற்கு ஈடுகொடுக்காது. நிழலில் அசையாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு அதே தண்ணீர் நாட்கணக்கில் வரும். இது எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் மனிதனுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது கஷ்டம்; ஏதாவது செய்தாக வேண்டும் என்று கால் துறுதுறுக்கும். அந்தத் துறுதுறுப்பை முன்கூட்டியே எதிர்பார்த்து, வண்டியை விட்டுப் போவதில்லை என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே எல்லோரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. அதே சிம்ப்சனில் வங்கங்குரு என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். மணலில் தோண்டிய ஆழமான கிணறுகள் எங்கெங்கே இருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு நடை என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நமக்கு அது தெரியாது.

உட்கார்ந்திருந்தால் யார் வருவார்கள்? 406 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் அவசர பீக்கன் கருவியின் பொத்தானை அழுத்தினால், அந்தச் செய்தி செயற்கைக்கோள் வழியாகக் கான்பெராவில் இருக்கும் மீட்பு மையத்துக்குப் போய்ச் சேரும். உள்ளங்கையில் அடங்கும் தனிநபர் பீக்கன் குறைந்தது 24 மணி நேரம் தொடர்ந்து சிக்னல் அனுப்பும். அழுத்தியபின் அணைக்காதீர்கள், வண்டியை விட்டு வேறிடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். செல்போன் சிக்னல் ஊரை விட்டு வெளியே வந்ததும் போய்விடும். செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் புதிய போன்கள் வந்திருக்கின்றன, பயனுள்ளவைதான், ஆனால் பேட்டரி போனால் போச்சு. யாராவது காயப்பட்டால் வருவது ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸின் விமானம். 1928-ல் குயின்ஸ்லாந்தின் கிளான்கரியில் தொடங்கிய சேவை அது. சில நெடுஞ்சாலைகளில் தாரின் மேலேயே ஓடுதளக் கோடு வரைந்து, விமானம் இறங்குமிடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

பீக்கன் அழுத்தும் வரை போகாமலிருக்க எளிய வழி ஒன்று உண்டு. எந்தப் பாதையில், எந்தத் தேதிக்குள் எந்த ஊர் சேருவீர்கள் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்தத் தேதிக்குள் என் போன் வரவில்லை என்றால் போலீஸைக் கூப்பிடு என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிறகு போய்ச் சேர்ந்ததும் மறக்காமல் போன் செய்யுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பேர்ட்ஸ்வில் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆகாயத்தில் உங்களைத் தேடுவார்கள்.

வாடகை வண்டியில் போக நினைத்தால் இன்னொன்று. ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தைப் படியுங்கள். மண் சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல வாடகைக் கம்பெனிகள் போட்டிருக்கும். ஃபோர் வீல் டிரைவ் கொடுத்துவிட்டு சிம்ப்சனுக்கு மட்டும் கூடாது என்பவர்களும் உண்டு. ஓட்டுவது நம் ஊர்போலவே இடது பக்கம்தான், அதில் குழப்பமில்லை. மே முதல் செப்டம்பர் வரை போங்கள், இரவில் குளிரும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் பேர்ட்ஸ்வில்லில் குதிரைப் பந்தயம். அந்த வாரத்தில் நூறு பேர் ஊருக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும், தங்க இடம் கிடைக்காது.